மாஷுக்கு ஒரு பேர் வேண்டும்

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். இதில் உட்காருங்க, காற்று வரும். மாஷ் குளிக்கப் போயிருக்கிறார். மேலே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறதா? அவர்தான். இன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளியல். நீங்கள் வருகிறீர்கள் என்று சொன்னதிலிருந்து மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை. விடிந்ததும் முகம் வழித்துக்கொண்டார். பெட்டியிலிருந்து சரிகைக் கரை போட்ட கசவு வேட்டியை எடுத்து வெயிலில் போட்டார். "சேச்சி, இதுல பாச்சா உருண்டை வாசம் அடிக்குதா பாரு" என்று திரும்பத் திரும்ப வந்து நீட்டுகிறார். கல்யாண மாப்பிள்ளை தோற்றான் போங்க.

சாயா குடிங்க. சர்க்கரை போதுமா? நீங்கள் தமிழ் எல்லையை ஒட்டின மலையாளச் சித்தூர்ப் பக்கம் என்று போனில் சொன்னீர்கள், அதனால் தமிழ் நல்லாவே புரியும். எனக்கு மார்த்தாண்டம். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு ஒரு பாஷை, மீன்காரிக்கு ஒரு பாஷை. நான் மீன்காரியிடம் படித்தவள். எழுதப் படிக்க வராது, ஆனால் காதில் ஒன்று விழுந்தால் விழுந்ததுதான், வெளியே போகாது. மாஷ் மலையாளத்தில் பேசுவார், நான் தமிழில் பதில் சொல்வேன். ஒரு வார்த்தை தடுக்கினது கிடையாது.

கையில் என்ன, போட்டோவா? பிள்ளையா? காட்டுங்க. அடடா, கன்னத்தைப் பாருங்க! இதுதான் உத்தராவா? இதைத்தானே தொட்டிலில் போட்டுப் படம் பிடிக்கப் போகிறீர்கள்? சொந்தப் படம், சொந்தப் பிள்ளை, சொந்தத் தொட்டில். நல்லது. உள்ளே வையுங்க தம்பி. மேசைமேல் வேண்டாம், சட்டைப் பைக்குள் வையுங்க. ஒன்றுமில்லை, சும்மாதான் சொன்னேன்.

மாஷ் வர நேரமாகும். பேசிக்கொண்டிருப்போம். அவரிடம் பாட்டு வாங்க வந்திருக்கிறீர்கள், அவரைப் பற்றி நாலு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டாமா? மற்றவர்கள் எதையாவது சொல்லுவார்கள். என்னைப்போல் கூடவே இருந்தவள் யார்?

மாஷ் என்றால் வாத்தியார், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோட்டயத்துப் பக்கம் திருவார்ப்பில் மலையாளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். அச்சுதன்குட்டி என்று பேர். கவிதை எழுதிப் புத்தகம் போட்டார், அதற்கு ஒரு பரிசு வந்தது. பரிசு வாங்கின மேடையிலேயே ஒரு பட முதலாளி, "மதராசுக்கு வாங்க, பாட்டு எழுதலாம்" என்று கூப்பிட்டுவிட்டார். ஒரு பெட்டி, ஒரு குடை. அப்படி ரயிலேறி வந்தவர்தான். அன்றைக்கெல்லாம் மலையாளப் படம் முழுக்க இங்கே கோடம்பாக்கத்தில்தானே பிறந்தது? தியேட்டரில் எழுத்து ஓடும்போது, அவர் ஊர்ப் பேரையே போட்டு 'கானங்கள், திருவார்ப்பு' என்று வந்ததும் கைதட்டுவார்கள் தம்பி. கதாநாயகனுக்குத் தட்டுகிற மாதிரி தட்டுவார்கள். நானே ஒரு தடவை தியேட்டரில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

மற்றப் பாட்டுக்காரர்கள் மெட்டைக் கேட்டதும் தொடையில் தாளம் போட்டு எழுதித் தள்ளிவிடுவார்கள். மாஷுக்கு அது வராது. மெட்டைக் கேட்பார், கதையைக் கேட்பார், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "எனக்கொரு பேரு வேணும்" என்பார். கதையில் வருகிற பேர் ஆகாது. உயிரோடு நடமாடுகிற ஆளின் பேர். அதைக் காகிதத்தில் முதல் வரியில் எழுதி, அந்த ஆளைக் கூப்பிட்டுப் பேசுகிற மாதிரியே பாட்டு முழுக்க எழுதிவிடுவார். ரெக்கார்டிங் அன்றைக்கு அந்தப் பேரை எடுத்துவிட்டு 'தோழா' என்றோ 'கண்ணே' என்றோ போட்டுக்கொள்வார்கள். கேட்கிறவனுக்குத் தெரியாது. ஆனால் பாட்டுக்குத் தெரியும் இல்லையா?

நான் கேட்டிருக்கிறேன், "ஏன் மாஷே இப்படி?" என்று. "முகமில்லாத ஆளோட எப்படிப் பேசுறது சேச்சி? பேரைச் சொன்னாத்தானே திரும்பிப் பார்ப்பான்?" என்றார். எவ்வளவு சரியான பேச்சு!

உங்கள் அம்மா நெல் காயப்போடும்போது மாஷோட தோணிப் பாட்டைப் பாடுவாங்க, அதைக் கேட்டு வளர்ந்ததால்தான் இவரைத் தேடி வந்தேன் என்று சொன்னீர்கள். 'தோழா, துடுப்பைக் கீழே வை. கரை தேடி அலையாதே, கரை உன்னைத் தேடி வரும்.' அதுதானே? அந்தத் தோழா யாரென்று தெரியுமா உங்களுக்கு? என் வீட்டுக்காரர்.

ஆமாம். அவர் ஸ்டூடியோவில் லைட்மேன். கூரையை ஒட்டி மேலே பலகை போட்டிருக்கும், அதில் நின்று விளக்கைத் திருப்புகிற வேலை. ஒரு நாள் மாஷ் கீழே செட்டில் உட்கார்ந்துகொண்டு, தோணிப் பாட்டுக்குப் பேர் கிடைக்காமல் திணறிக்கொண்டிருந்தார். டைரக்டர் ஒரு பேர் சொன்னார், பிடிக்கவில்லை. ஹீரோ தன் பேரையே சொன்னார், அதுவும் பிடிக்கவில்லை. இவர் மேலேயிருந்து சத்தம் போட்டாராம்: "சாரே! என் பேரு செல்லையன். என் பேரை எழுதுங்க சாரே. வெளிச்சத்துல நிக்கிறவன் பேருதான் பாட்டுல வரணுமா, வெளிச்சம் போடுறவன் பேரு வரக்கூடாதா?" எல்லாரும் சிரித்தார்கள். மாஷ் அண்ணாந்து பார்த்தார், அவரும் சிரித்தார், எழுதிவிட்டார்.

வீட்டுக்கு வந்து இவர் ஆடின ஆட்டம்! "ஏட்டி, இனிமே மலையாளக் கரை முழுக்க நான்தான் பாத்துக்க. செத்தாலும் இருப்பேன்." "வாயைக் கழுவுங்க" என்றேன். "போ ஏட்டி, உனக்குப் பொறாமை. உன் பேரையும் எழுதச் சொல்லட்டுமா?" என்று சீண்டினார்.

அந்தப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு மத்தியானம், வேறு படம், வேறு செட், பலகை ஒடிந்தது. 'கரை உன்னைத் தேடி வரும்' என்று எழுதினார். தரை தேடி வந்தது.

பலகை உளுத்துப் போயிருந்தது, ஸ்டூடியோக்காரன் மாற்றவில்லை என்று போலீஸ்காரர் சொன்னார். சங்கத்துக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். உளுத்தது உளுத்ததுதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. அது எத்தனையோ வருஷமாக உளுத்துத்தானே கிடந்தது? எத்தனை பேர் அதன்மேல் நடந்தார்கள்? இவர் கால் வைக்கிறவரைக்கும் ஏன் காத்துக்கொண்டிருந்தது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மாஷ் என் வீட்டுக்கு வந்தார். குடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். நான்தான் கேட்டேன். "மாஷே, அவரு பேரை ஏன் எழுதினீங்க?" என்று. பதிலே சொல்லவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டேயிருந்தது. பதில் சொல்லாதவன் என்ன அர்த்தத்தில் சொல்லாமலிருக்கிறான்? நீங்களே சொல்லுங்க. அதுவரைக்கும் எனக்கு அப்படி ஒரு நினைப்பே கிடையாது. அந்த அழுகையில்தான் எனக்கு விஷயம் விளங்கியது.

"எனக்குச் சமைச்சுப் போட ஆளில்லை சேச்சி, வந்துடுங்க" என்றார். வந்தேன். மாடியில் அவர், கீழே நான். கோபமில்லையா என்று சிலர் கேட்பார்கள். கோபம் இருந்தால் இத்தனை வருஷம் சோறு பொங்கிப் போடுவேனா? அவருக்கு வாய்வு என்றால் இஞ்சி தட்டிப் போடுவேனா? என்ன பேச்சு இது.

தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது பாருங்க. இனிமேல் தலை துவட்டி, சந்தனம் அரைத்து, அதற்கு ஒரு நேரம். இருங்க.

அப்புறம் அந்த நளினகுமாரி. படத்தில் பார்த்திருப்பீர்கள், அழுதால் கூட அழகாக அழுகிற பெண். அது ஒரு நாள் இதே அறைக்கு வந்து, "மாஷே, விளக்குப் பாட்டுக்கு எங்க அம்மா பேரை வைங்க, கார்த்தியாயனி" என்று தானாகவே சொல்லியது. மாஷும் எழுதினார். 'கார்த்தியாயனி, எண்ணெய் தீர்ந்ததென்று வருந்தாதே, இரவு முடிந்தது, கண்ணை மூடு' என்று. மேலே அவர் சொல்லிச் சொல்லிப் பார்க்கும்போது கீழே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த ஓணத்துக்கு அம்மா இல்லை.

வயசு எண்பதுக்கு மேல். சர்க்கரை வியாதி வேறு. அதெல்லாம் சரி. ஆனால் அந்தப் பாட்டுக்கு முன்னால் அந்த அம்மா மாடிப்படி ஏறினவள்தானே!

நளினகுமாரிக்கு இது ஒன்றும் தெரியாது. சாவு வீட்டில் ஒரே அழுகை. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னேன். "அழாதீங்கம்மா. உங்க அம்மா பேரு மாஷோட பாட்டில் ஏறிடுச்சில்ல? அதுல ஏறின பேரு இறங்காது. அவரு வாக்குக்கு அவ்வளவு சக்தி" என்று. அழுகை சட்டென்று நின்றுவிட்டது. என்னையே பார்த்தது. என் வார்த்தையில் ஒரு சமாதானம் கிடைத்திருக்கும். ஆனால் பாருங்க, அதற்கப்புறம் அது நடித்த படம் ஒன்றில்கூட மாஷுக்குப் பாட்டு இல்லை. என்ன நன்றி இது? அம்மாவுக்குப் பாட்டெழுதிக் கொடுத்தவருக்கு இதுதானா?

நான் யாரிடமும் போய்ச் சொன்னதில்லை தம்பி. மேக்கப் போடுகிற ராதாமணியிடம் மட்டும் சொன்னேன், அவள் என் சிநேகிதி. அப்புறம் கேண்டீன்காரனிடம். அதுவும் ஏன்? மாஷுக்கு ஆறின சாயா கொடுத்தான். "யாருக்குக் கொடுக்குறேன்னு தெரியுமாடே? அவரு ஒரு வரி எழுதினா ஒரு உசிரு போகும்" என்றேன். அன்றிலிருந்து மாஷுக்குத்தான் முதல் டம்ளர். மரியாதை கேட்டு வாங்க வேண்டியிருந்தது அப்போதெல்லாம்.

சிரிக்கிறீர்கள். சிரிங்க. படம் எடுக்கிற வர்க்கீஸ் முதலாளியும் இப்படித்தான் சிரித்தார். படித்தவர், அமெரிக்காவெல்லாம் போனவர். லாரி டிரைவர் பாட்டு ஒன்றுக்குத் தன் தம்பி பேரைக் கொடுத்தார், ஜோய்க்குட்டி என்று. நான் சாயா கொண்டுபோன இடத்தில், "முதலாளி, தம்பி பேரு வேண்டாம், யாராவது ஆகாதவன் பேராப் பார்த்துக் கொடுங்க" என்று மெதுவாகச் சொன்னேன். "ஏன்?" என்றார். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். மாஷ் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். ஜோய்க்குட்டி குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் போய் மதில்மேல் மோதினான். கை மட்டும்தான் போனது. நான் முன்கூட்டியே சொல்லி வைத்ததால்தான் கையோடு போனது என்று எனக்கு இன்றைக்கும் எண்ணம். வர்க்கீஸ் முதலாளி அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

அவர்தான் முதலில் அந்த வார்த்தையைச் சொன்னது. கரிநாக்கு. திருவார்ப்புக்குக் கரிநாக்கு என்று. அது என் வாயிலிருந்து வந்த வார்த்தை இல்லை, நல்லாக் கேட்டுக்கோங்க. நான் 'வாக்கு பலிக்கும்' என்றுதான் சொல்லுவேன். எவ்வளவு வித்தியாசம்! ஆனால் ஸ்டூடியோவில் எந்த வார்த்தை நிற்கும்? பூஜை போடுகிற இடத்தில் மாஷ் நின்றால் தேங்காய் உடைக்கிறவன் அவர் போகிறவரைக்கும் காத்திருந்தான். பாட்டுக்காரப் பெண்கள் அவரைப் பார்த்தால் தாலியைத் தொட்டுக்கொண்டார்கள். பேர் கேட்டால் எல்லாரும் பொய்ப் பேர் சொன்னார்கள். பொய்ப் பேருக்குப் பாட்டு வருமா? வரவில்லை. மாஷ் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், மை காய்ந்து போகும்.

பீதாம்பரன் சார் ஒருத்தர்தான் விடாமல் வந்துகொண்டிருந்தார். மியூசிக் டைரக்டர். மாஷோடு ஒன்றாக ரயிலேறி வந்தவர். அவருக்குக் கொஞ்சம் வாய் நீளம். ஒரு நாள் இதே இடத்தில், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "நீங்க வாயை மூடினா அந்த மனுஷன் பிழைச்சுக்குவான்" என்றார். எனக்கு எப்படி இருக்கும்? "அவரைப் பத்தி நல்லது சொல்றதுக்கு என் வாயை விட்டா வேற எந்த வாய் இருக்கு சாரே?" என்று கேட்டேன். "நல்லதா? இதா நல்லது?" என்று கத்தினார். மாஷ் மாடிப்படியில் நின்று, "விடு பீதாம்பரா. அவங்க செல்லையனோட பெண்சாதி" என்றார். அவ்வளவுதான். பீதாம்பரன் சார் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார். அப்புறம் எல்லாரும் எறணாகுளம், திருவனந்தபுரம் என்று அங்கே போய்விட்டார்கள், படமும் அங்கே போய்விட்டது. மாஷ் மட்டும் போகவில்லை. ஊரில் அவர் சம்சாரம் இருந்தது, கூப்பிட்டுப் பார்த்தது, அப்புறம் காலமாகிவிட்டது. அது பேரை மட்டும் ஒரு பாட்டிலும் அவர் வைத்ததில்லை. கேட்டேன். "எழுதினா கண்ணு நிறைஞ்சிடும் சேச்சி, அப்புறம் காகிதம் தெரியாது" என்றார். எவ்வளவு ஜாக்கிரதை பார்த்தீர்களா?

அதற்கப்புறமும் ஆட்கள் வராமலில்லை. உங்களை மாதிரி இளவட்டம், புதுசாகப் படம் எடுக்கிறவர்கள், வருவார்கள். இங்கே உட்காருவார்கள். நான் சாயா கொடுப்பேன், மாஷ் வரும்வரைக்கும் நாலு வார்த்தை பேசிக்கொண்டிருப்பேன், தனியாக விடக்கூடாதே. "இதோ வந்துவிடுகிறேன்" என்று எழுந்து போவார்கள். திரும்பி வர மாட்டார்கள். சினிமாக்காரர்கள் பேச்சு அவ்வளவுதான். மாஷ் இறங்கி வந்து வெறும் நாற்காலியைப் பார்ப்பார். அந்த சாயாவை அவரே எடுத்துக் குடித்துவிடுவார்.

ஏன் தம்பி, சாயா ஆறிப்போச்சா? வேறு போடட்டுமா?

இல்லை இல்லை, உங்களுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. நீங்கள் வந்திருப்பது தாலாட்டுக்கு. தாலாட்டில் என்ன இருக்கிறது? மாஷுக்கு இது வாழ்வா சாவா தம்பி. நேற்று ராத்திரி சோறு போடும்போது சொன்னார், "சேச்சி, ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டை இன்னொருத்தர் தொண்டையில் கேட்டுட்டா, அப்புறம் எனக்கு ஒரு குறையுமில்லை" என்று. இருமல் வேறு விடவில்லை. டாக்டர் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இந்தப் பாட்டு அவருக்குக் கிடைக்க வேண்டும். நான் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருக்கிறேன்.

என்ன? பேரா? ஆமாம், போன் வந்த அன்றைக்கே கேட்டேனே உங்களிடம். பக்கத்து மருந்துக்கடைக்குத்தானே போன் வரும்? மாஷ் தூங்கிக்கொண்டிருந்தார், நான்தான் போய்ப் பேசினேன். தொட்டில் பாட்டு, உங்கள் பிள்ளையைத்தான் தொட்டிலில் போடுவோம் என்று சொன்னீர்கள். "பிள்ளை பேரு என்ன தம்பி?" என்றேன். உத்தரா என்றீர்கள். நான் கேட்டதற்குத்தானே சொன்னீர்கள்? மாஷ் கேட்கச் சொல்லவில்லை. அவர் இப்போதெல்லாம் பேர் கேட்பதை விட்டுவிட்டார். "சும்மா 'குழந்தாய்'னு எழுதிடறேன்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. "பேரில்லாம உங்களுக்குப் பாட்டு வருமா மாஷே? எத்தனை வருஷம் கழிச்சு ஒரு ஆள் வர்றான், அரைகுறையாக் கொடுத்தா நல்லாவா இருக்கும்? பிள்ளை பேரு உத்தரா" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னதும் பேனாவை எடுத்துக்கொண்டார். அப்புறம் மாடிக்குப் போய்விட்டார்.

எழுதிவிட்டார் தம்பி! அதைத்தானே சொல்ல வந்தேன். காலையிலேயே எழுதி முடித்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு சீக்கிரமாக எழுதி நான் பார்த்ததில்லை. கைப்பிடிச் சுவரைத் தட்டித் தட்டிப் பாடிக்கொண்டே நடந்தார், எனக்குக் கீழே ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. என்ன மெட்டு, என்ன குரல். சொல்லட்டுமா? 'உறங்கு உத்தரா, உறங்கு. விடிந்தாலும் வெளிச்சம் உன்னை எழுப்பாது...'

அடுத்த வரி கேட்கவில்லை. பால்காரன் மணியடித்துவிட்டான்.

என்ன தம்பி, எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்க. பேரை மாற்றச் சொல்லுவதா? அது எப்படி? எழுதினது எழுதினதுதானே. ரெக்கார்டிங்கில் எடுத்துவிடலாம், அது வேறு. செல்லையன் பேரையும் எடுத்துத்தானே பாடினார்கள்? நான் உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஜோய்க்குட்டிக்குக் கை மட்டும்தானே போனது. அட, போட்டோவை எதற்கு எடுத்துப் பார்க்கிறீர்கள்? போன் செய்யணுமா, வீட்டுக்கா? மருந்துக்கடையில் இருக்கு, வலது பக்கம் திரும்பினவுடனே. போய்ச் செய்துவிட்டு வாங்க. பிள்ளை நல்லா இருக்கும், பாருங்க. கொண்டுவந்த பழக்கூடையை வைத்துவிட்டே போங்க, வரத்தானே போகிறீர்கள்.

தம்பி, அது இடது பக்கம். கடை வலது பக்கம். தம்பி!

ஆட்டோ பிடித்துவிட்டார்.

இவரும் அவ்வளவுதான். பார்த்தால் நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி இருந்தது. இவங்க எல்லாருமே இப்படித்தான்.

வாங்க மாஷே, வாங்க, படியைப் பார்த்து இறங்குங்க. வேட்டி ஜம்மென்று இருக்கு, வாசமே அடிக்கவில்லை. வந்தாரே, வந்தார். இவ்வளவு நேரம் இங்கேதான் இருந்தார். ஏதோ அவசரமாம், வீட்டில் பிள்ளைக்கு என்னவோ. வருவாராக இருக்கும். நான் என்ன சொல்லப் போறேன்? உங்களைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லிக்கிட்டிருந்தேன், வேற என்ன? நேந்திரம்பழம் கொண்டுவந்திருக்கிறார், நல்ல பழுப்பு. உட்காருங்க, அதில் இல்லை, அதற்குக் கால் ஆட்டம்.

அடுத்த வரியா? சொல்லுங்க மாஷே, அதுதான் எனக்குக் கீழே கேட்கலை. 'விடிந்தாலும் வெளிச்சம் உன்னை எழுப்பாது, அப்பா நான் வந்து எழுப்புவேன்.' ஐயோ, நல்லா இருக்கே! எவ்வளவு நல்லா இருக்கு. அந்தத் தம்பி இதைக் கேட்டுட்டுப் போயிருக்கலாம்.

என்னது? எல்லாமா? மேலேயா? இங்கே பேசுறது மேலே கேட்குமா? இவ்வளவு வருஷமாவா? நீங்க சொன்னதே இல்லையே மாஷே.

ஏன் காகிதத்துல அந்தப் பேரைக் கோடு போட்டு அடிக்கிறீங்க? இவ்வளவு நல்ல பாட்டு. சரி, பிள்ளை பேரு வேண்டாம்னா வேண்டாம். அந்த இடம் காலியா இருந்துட்டுப் போகட்டும். ஆள்தான் போயாச்சே, இனி யாருக்குப் பாட்டு?

யார் பேரு?

என் பேரா? என் பேரு எதுக்கு மாஷே? சேச்சின்னுதானே கூப்பிடுவீங்க. செல்லையன் பெண்சாதின்னு சொல்லுவீங்க. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நீங்க கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்ப என்ன திடீர்னு? எனக்குத் தாலாட்டா? வயசான பொம்பளைக்கு யாராவது தாலாட்டு எழுதுவாங்களா, சிரிப்பாங்க.

சாயாவைக் குடிங்க. சூடா வேற போட்டுத் தரேன். அடுப்பிலே ஏதோ வச்சிருக்கேன், இருங்க, நான் உள்ளே போய்...

கையை விடுங்க மாஷே. அப்படிப் பார்க்காதீங்க. நான் உங்களுக்கு என்ன குறை வச்சேன்?

பேனாவை மூடுங்க. சொல்றேன்ல, மூடுங்க மாஷே, மை காஞ்சிடும்.